கடைசித் தையல் மெசின்

காலை எட்டரை மணி. புதுக்குடியிருப்பில் கிருசாந்தனின் கடை வாசலில் கூட்டம். கண்ணாடிக்குள் இருந்த தையல் மெசின் பெட்டியோடு காணாமல் போயிருந்தது. "இன்று மட்டும்! கடைசி ஒன்று!" என்ற மட்டை மட்டும் தொங்கியது.

"இவள்தான் எடுத்தவள்! கடைப் பூட்டின்ர திறப்பு இவளிட்ட இருக்கு!" என்று கடை முதலாளி கிருசாந்தன் ஊர் கேட்கக் கத்தினார். விற்பனைப் பெண் பிரஷாந்தினி கையிலிருந்த திறப்பைப் பார்த்தாள். அடுத்த மாதம் அவளுக்குக் கலியாணம். கள்ளி என்ற பேர் மாப்பிள்ளை வீட்டுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? சீ, என்ன மனிதனோ!

ஒன்பதேகாலுக்குப் பொலிஸ் சார்ஜன் நவ்பர் வந்தார். பூட்டு உடைபடவில்லை.

"உங்களிட்டயும் திறப்பு இருக்கோ?"

"என்ர கடை சேர், இருக்காதோ?"

"வேற மெசின்?"

"ஒண்டுமில்லை. அதுதான் கடைசி."

நவ்பர் பிரஷாந்தினியிடம் திரும்பினார். "நேற்று ஏதும் பிரச்சினையோ, தங்கச்சி?"

"அழகம்மா அக்கா மெசின் பாக்க வந்தவா. அவசரப்படாதேங்கோ, நாளைக்கும் இருக்கும் எண்டனான். முதலாளி கேட்டிட்டு ஏசினவர்."

கூட்டத்திலிருந்த அழகம்மா முன்னால் வந்தார். "ஓம் சேர். தைப்பொங்கலுக்கும் இதே மட்டைதான். இப்ப வைகாசி. வெயில் பட்டுப் பெட்டியின்ர ஒரு பக்கமே வெளிறிப்போச்சு. எண்டாலும் மட்டையைப் பாத்தால் இண்டைக்கு விட்டால் போச்சு எண்டு நெஞ்சு பதறும்."

அப்போது கடையின் விளம்பர ஓட்டோ அலறிக்கொண்டு வந்தது. "இன்று மட்டும்! கடைசி ஒரு தையல் மெசின்! முந்துங்கள்!" பழகிய சத்தம், யாரும் திரும்பவில்லை. நவ்பர் மட்டும் கையைக் காட்டி ஓட்டோவை மறித்தார்.

"எப்ப வெளிக்கிட்டனீர்?"

"ஒன்பது மணிக்கு, சேர்," என்றான் சாரதி சுஜிதன். "முதலாளிதான் உடையார்கட்டுப் பக்கம் போகச் சொன்னவர்."

"கடைக்குப் பின்னால இருக்கிற அறையைத் திறவுங்கோ," என்றார் நவ்பர்.

கிருசாந்தன் முனகிக்கொண்டே திறந்தார். அறைக்குள் கூரை முட்டப் பெட்டிகள். அத்தனையும் தையல் மெசின்கள், அத்தனையும் 'கடைசி'. மூலையில் ஒரு பெட்டி, ஒரு பக்கம் வெளிறியது.

"கள்ளன் நீங்கள்தான்," என்றார் நவ்பர், அருவருப்பை மறைக்காமல். "எட்டரைக்குக் கடைசி மெசின் களவு போச்சு. ஒன்பதுக்கு அதே கடைசி மெசினை விக்க ஓட்டோ அனுப்பியிருக்கிறியள். 'கடைசி' எண்ட சொல்லால பதறினது சனம்தான். உங்களுக்கு அது காதிலயே ஏறுறேல்லை. உண்மை சொன்ன பிள்ளையை வேலையிலயிருந்து கலைக்க, களவுப் பட்டம்."

"வியாபாரம் எண்டால் இப்பிடித்தானே, சேர்..." என்று இழுத்தார் கிருசாந்தன். பிரஷாந்தினியைப் பார்த்துப் பல்லிளித்தார். "கோவிக்காதை பிள்ளை, வேலைக்கு வா."

அவள் திறப்பை அவர் காலடியில் எறிந்தாள். "உங்கட வேலை எனக்கு வேண்டாம். பிரஷாந்தினி களவெடுக்கேல்லை எண்டு இதே ஓட்டோவில சொல்லுங்கோ."

"எத்தனை நாளைக்கு?"

"இண்டைக்கு மட்டும்," என்றாள் அவள். "உங்கட 'இண்டைக்கு மட்டும்' தையிலயிருந்து வைகாசி வரைக்கும் ஓடினதுதானே. அவ்வளவு காலம் ஓடட்டும்."