பாதை காலி

வீட்டுக்குக் கிளம்பியபோது அலுவலகத்தின் கண்ணாடிக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. மேலிருந்த கேமராவுக்கு முகத்தைக் காட்டினார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், தலையைக் கோதிக்கொண்டார். பச்சை விளக்கு எரியவே இல்லை. காவலாளி பக்கத்தில் வந்து நின்றதும் கதவு சட்டென்று திறந்தது.

"என்ன சார், உங்களையே மறந்துடுச்சா?" என்று காவலாளி சிரித்தார். கழுகு சிரிக்கவில்லை.

கழுகு என்பது, தானே ஓடும் கார் செய்யும் அந்த நிறுவனத்தின் தலைமை இன்ஜினியருக்கு, உடன் வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர். "மனுஷன் ரெண்டு கண்ண வச்சு ஓட்டுறான், காருக்கு எட்டு கேமரா போதாதா?" என்பது அவருடைய வேதவாக்கு. ரேடார் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. சாலையில் கிடக்கும் தகர டப்பாவுக்கெல்லாம் அலறிப் பிரேக் போட வைக்கிறது என்று, கேமரா பார்க்காததை ரேடார் சொன்னால் கேட்க வேண்டாம் என்று காருக்குச் சொல்லிவைத்தார். கேமராவுக்குப் பிடிபடாத மங்கல் உருவங்களுக்கு 'நிழல்' என்று பெயரிட்டதும் அவர்தான். நிழலுக்காகக் கார் நிற்காது.

போன மாதம், பனி மூடிய ஒரு விடியலில், சாம்பல் நிற மேலங்கி போட்டுத் தெரு பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கார் நிழல் என்றது; நிற்காமல் ஏற்றிக் கொன்றது. ரேடார் கடைசி வரை கத்தியிருக்கிறது. விசாரணையில் கழுகு கூசாமல் சொன்னார்: "மனுஷக் கண்ணுக்கும் அது நிழலாத்தான் தெரிஞ்சிருக்கும்."

அவள் புருஷன் எழுந்தான். அழவில்லை.

"நிழலுக்கா சார் அவ்வளவு ரத்தம் வரும்? உங்களையும் ஒருநாள் அது நிழல்னு சொல்லட்டும்."

வயிறெரிந்து சொன்ன சொல். அது இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது என்று எரிச்சலோடு முற்றத்தில் நடந்தார். மாலை மங்கிப் பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஈரமண் வாசனையோடு துருப்பிடித்த இரும்பு வாசனையும் கலந்து வந்தது. ஆள் நடந்தால் எரிய வேண்டிய விளக்குகள் இருண்டு கிடந்தன. குறுக்கே ஓடிய பூனைக்கு ஒன்று எரிந்தது. அவருக்கு எரியவில்லை.

வெளியே போன பைக்கின் பின்னாலேயே நுழைந்து பெரிய கேட்டைத் தாண்டினார். கேட் அவர் முதுகுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. இரண்டு பக்கமும் நீண்ட மதில். பனிக்குள் எங்கோ துடைப்பச் சத்தம்.

சரக்... சரக்...

இந்த நேரத்தில் யார் பெருக்குகிறார்கள்? போன் அடித்தது. அவர் செய்த காரிலேயே அவரை அழைத்துப் போக வரும் மகள்.

"அப்பா, தெருமுனை திரும்பிட்டேன். கேட்டுக்கு வெளிய நில்லுங்க."

"நின்னுட்டுதான் இருக்கேன் கண்ணு. கார் திரையில நான் தெரியுறேனா பாரு."

"இல்லையேப்பா. பாதை காலின்னு காட்டுது. மதிலோரமா ஒரு நிழல் இருக்கு, அவ்வளவுதான்."

அவர் திரும்பிக் கேட் கேமராவுக்கு முகத்தைக் காட்டினார். கெஞ்சினார். கதவு அசையவில்லை.

"காரை நிறுத்தும்மா!"

"எப்படிப்பா? ஆளு மிதிக்கிற பிரேக்கே வேண்டாம்னு நீங்கதானே எடுத்தீங்க? கத்தாதீங்க, பயமா இருக்கு."

சரக். சரக்.

பக்கத்தில்.

பனி வெளுத்தது. கார் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில், நடுச் சாலையில், சாம்பல் மேலங்கி. குனிந்த முதுகு.

"ஒண்ணுமில்லப்பா," மகள் நிம்மதியாகச் சொன்னாள். "யாரோ ஒரு அம்மா ரோட்ட பெருக்கிட்டு இருக்காங்க. கார் அவங்களப் பார்த்துடுச்சு. ஒதுங்கி வழி விடுது."

மதில் பக்கம்.

அவர் பக்கம்.

கையை ஆட்டினார். அலறினார். கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. காருக்குள் எங்கோ ரேடார் அவருக்காகக் கத்திக்கொண்டிருக்கும். அதைக் கேட்க யாருமில்லை. எட்டுக் கேமராக்களும் அவரைத்தான் பார்த்தன.

கார் வேகம் குறையாமல், மரியாதையாக, அவளைத் தொடாமல் திரும்பியது. அவள் தலை நிமிரவில்லை. குனிந்தபடியே, அவர் நின்ற இடத்தை நோக்கிப் பெருக்கிக்கொண்டு வந்தாள்.