மேகசின் இல்லாத துப்பாக்கி

சுவருக்குள் அத்தனை வருஷம் கிடந்த இரும்பு சில்லென்றுதான் இருக்க வேண்டும். இது வெதுவெதுவென்று இருந்தது, யாரோ இப்போதுதான் இடுப்பிலிருந்து உருவிக் கொடுத்ததைப் போல. வெயில் பட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பின்னறையில் வெயிலே விழாது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

தண்ணீர்க் குழாய் எங்கே கசிகிறது என்று பார்ப்பதற்காகக் கொத்தனார் அந்தச் சுவரின் பூச்சைக் கொத்தி, முன்வரிசைச் செங்கல் நாலைந்தைப் பெயர்த்திருந்தார். எண்ணெய்த் துணியில் சுற்றிய கைத்துப்பாக்கி அங்கேதான் கிடைத்தது. "சார், நீங்க பழைய சாமான் பாக்கறவர்தானே, இதப் பாருங்க" என்று அவன் கையில் திணித்துவிட்டுச் சாப்பிடப் போனவர், கடப்பாரையை எடுக்கக்கூடத் திரும்பி வரவில்லை.

ஏலக் கம்பெனிக்குப் பழம்பொருள்களை மதிப்பிட்டுத் தருவது அவன் பிழைப்பு. அதற்கு மாமனார் வைத்த பட்டம் 'பழைய இரும்பு'. "பழைய இரும்புக்குச் சோறு போட்டாச்சா?" என்று மகளிடம் அவன் காதுபடவே கேட்பார். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த நாளிலிருந்து ஒவ்வொரு கவளத்தோடும் ஒரு குத்தலையும் சேர்த்தே விழுங்கியிருந்தான். ஒன்றையும் மறக்கவில்லை. மறக்கிற ரகமும் இல்லை. அந்த வீட்டில் அவன் பக்கம் நின்றது அவன் மனைவி ஒருத்திதான். "தனியாப் போயிடலாங்க, ஒரு ரூம் போதும் நமக்கு" என்பாள். அவளை அப்படி ஒரு இடத்தில் வாய்விட்டுச் சிரிக்க வைத்துப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை கிடையாது.

மேஜை விளக்கைப் போட்டு லென்சைக் கண்ணில் பொருத்திக்கொண்டான். பழைய போர் ஒன்றின் கடைசிக் கட்டத்தில், தோற்றுக்கொண்டிருந்த படைக்காக அவசர அவசரமாகச் செய்த வகை. அரத்தின் கீறல்களைத் தேய்த்து மறைக்கக்கூட நேரமில்லாமல் அப்படியே விட்டிருந்தார்கள். பிடிக்கு வெறும் மரம். குழலிலும் உடம்பிலும் ஒரே எண். செய்ததே சொற்பம், மிஞ்சியது அதைவிடச் சொற்பம். இதுவரை புத்தகத்தில் படமாக மட்டுமே பார்த்திருந்தான்.

பிடியைத் திருப்பியதும் சப்பென்று ஆகிவிட்டது. அடியில் வெறும் ஓட்டை. தோட்டாக்களை அடுக்கிச் செருகுகிற மேகசினைக் காணோம். இந்த வகையில் மேகசினிலும் அதே எண்ணைப் பொறித்திருப்பார்கள். அது இருந்தால் சொந்த வீடு. இல்லாவிட்டால் வாங்குகிறவன் உதட்டைப் பிதுக்குவான்.

அப்போதுதான் பின்னறையில் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. ஈரச் சுண்ணாம்பின் வாடையும் அதற்கு அடியில் வியர்வை ஊறிய தோலின் வாடையும் மெல்ல மெல்லக் கூடம் வரைக்கும் வர, செங்கலை யாரோ நகத்தால் பொறுமையாக, அவசரமே இல்லாமல், சுரண்டிக்கொண்டிருப்பது போன்ற சத்தம். துப்பாக்கியை மேஜைமேல் வைத்தான். நின்றது. எடுத்தான். மறுபடி சுரண்டியது.

எலிதான். எலியாகத்தான் இருக்கும்.

மாமனாருக்கு எப்படித்தான் மூக்கில் வேர்த்ததோ, கதவருகில் வந்து நின்றார்.

"எங்கேருந்து எடுத்தே அத?"

"சுவத்துலேருந்து மாமா."

"வெச்ச எடத்துலயே வெச்சுடு. இப்பவே பூசிடணும்."

அவர் உதடு நடுங்கி அவன் பார்த்ததே இல்லை. பார்க்க நன்றாக இருந்தது. "நாலு காசு நான் பாத்துடக்கூடாது, அப்படித்தானே?" என்றபடி துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னறைக்குப் போய்க் கடப்பாரையைக் கையில் எடுத்தான்.

கிழவர் பின்னாலேயே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உள்ள ஒருத்தன் இருக்கான்டா. படைய விட்டு ஓடி வந்தவன். ஒரு பை நெறைய நகை வெச்சிருந்தான். அவனத் தேடிக்கிட்டுப் படைக்காரங்க வந்தாங்க. சுவர் வெச்சு மறைக்கறேன், அவங்க போனதும் இடிச்சுடறேன்னு எங்கப்பா சொன்னாரு. நம்பி உள்ள போனான். பையையும் துப்பாக்கியையும் குடுத்துட்டு, தோட்டாவ மட்டும் தன்கிட்டயே வெச்சுக்கிட்டான்."

"அப்புறம்?"

"அவங்க போயிட்டாங்க. எங்கப்பா இடிக்கல. துப்பாக்கியயாவது குடுங்க, நானே சுட்டுக்கிட்டுப் போயிடறேன்னு கெஞ்சினான். எங்கப்பா அத அவன் கைக்கு எட்டாம வெளிப்பக்கம் வெச்சு, இன்னொரு வரிசை கட்டினாரு. நான் சின்னப் பையன். இதே எடத்துல நின்னு கேட்டேன். உங்க வம்சத்தையே கருவறுப்பேன்னு சொல்லிக்கிட்டே இருந்தான், கொரல் போற வரைக்கும்."

"அப்ப இத்தன நாள் அவன் சோத்தயா மாமா எனக்குக் குத்திக் காட்டினீங்க?"

வயிற்றில் இத்தனை வருஷமும் எரிந்தது இப்போது குளிர்ந்தது. வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிஷமே துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடியிருப்பான். இவனுக்குக் கேட்டதில் தங்கியது ஒன்றுதான். மேகசின் உள்ளேதான் இருக்கிறது.

ஓங்கிக் குத்தினான். கிழவர் காலைப் பிடித்தார். உதறினான். உள்வரிசை பொலபொலவென்று விழுந்தது. நெடுநாள் அடைத்துக் கிடந்த காற்று முகத்தில் வந்து அடித்தது. இருட்டு. ஓர் எலும்புக் கை, முழங்கையிலிருந்து, வெளிப்பக்கமாக நீண்டிருந்தது. மூடிய விரல்களுக்குள் தகரப் பெட்டி போல அந்த மேகசின்.

கையை நீட்டினான். விரல்களைப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை.

அவை தாமாகவே திறந்தன.

மேகசினைத் துடைத்து அந்த அறை விளக்கின் அடியில் பார்த்தான். அதே எண். தோட்டாக்கள் புத்தம் புதிதாக மின்னின. வேண்டாம் என்று மனசுக்குள் ஏதோ சொன்னது. ஆனாலும் பொருந்துகிறதா என்று பார்க்காமல் எப்படி விலை சொல்வது? துப்பாக்கியை உருவி அதில் செருகினான்.

க்ளிக்.

சுரண்டல் நின்றது. கடியாரச் சத்தமும் நின்றது. கீழே வைக்கப் பார்த்தான். கை பிரியவில்லை. தோட்டா குழலுக்குள் ஏற, துப்பாக்கியின் மேல்பகுதியை அவன் மற்றக் கை பின்னுக்கு இழுத்துவிட்டது. அவன் இழுக்கவில்லை.

வாசல் கேட் திறந்தது. செருப்புச் சத்தம்.

"என்னங்க, வீடெல்லாம் ஒரே புழுதியா இருக்கு?"

அவன் கால்கள் கூடத்துக்கு நடந்தன. பின்னாலேயே தவழ்ந்து வந்த கிழவர் எழுந்து மார்பைத் தட்டிக் காட்டினார். "எங்கப்பன் செஞ்சதுக்கு என் உசுர எடுத்துக்கோ. என் பொண்ண விட்டுடு." குழல் அவர் மார்பில் ஒரு கணம் நின்றது. யோசித்தது. அவரைத் தாண்டிப் போனது. அவர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அவரை மிச்சம் வைக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது.

ஓடு என்று கத்தினான். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள், அவன் கையில் இருப்பது என்னவென்று இன்னும் புரியாமல். விசைமேல் அவன் விரல். அதன்மேல், சுண்ணாம்பு படிந்து, நகமெல்லாம் தேய்ந்துபோன இன்னொரு விரல். இரண்டும் சேர்ந்து மெதுவாக அழுத்தின.