ஆளுக்கொரு சீப்பு

ஒட்ட வெட்டிய தலை. அதில் சீப்புக்கு என்ன வேலை? அப்படிப்பட்டவன் கடையிலிருந்த சீப்பையெல்லாம் அள்ளிக்கொண்டிருந்தான்!

ஒரகடம் கூட்ரோட்டில் மழை கொட்டியது. ஷிப்ட் முடிந்து, மண்ணூர் பஸ்ஸைத் தவறவிட்ட யுவஸ்ரீ, மாரி அண்ணனின் ஃபேன்சி ஸ்டோரில் ஒதுங்கி நின்றாள். உதிரிபாகக் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. எதையும் நாலு தரம் பார்க்காமல் விடாத கண்கள். அந்தக் கண்கள் இப்போது அவனைவிட்டு நகர மறுத்தன.

"பல்லு நெருக்கமா இருக்கணும் அண்ணாச்சி. புதுசா, யாரும் தொடாததா..." என்றான் அவன் கடைக்காரரிடம். தெற்கத்திப் பேச்சு.

"இன்னா சார், தலையில கீற முடியவிட சீப்பு ஜாஸ்தியா கீது?" என்றாள் யுவஸ்ரீ.

அவன் திரும்பினான். இமைகளில் மழைத்துளி... அதற்குள் எவ்வளவு பெரிய கண்கள்! யுவஸ்ரீக்கு அடுத்த கிண்டல் மறந்தே போனது.

"வேலை இருக்கு," என்றான். அவ்வளவுதான். முகம் மட்டும் சிவந்துவிட்டது.

இப்படியே போய்விடுவானா? குவியலிலிருந்து பச்சைச் சீப்பு ஒன்றை வெடுக்கென்று உருவினாள். "இது எனக்கு வோணும்."

"ஆளெண்ணி எடுத்ததுங்க. வேற இல்ல..."

"சீப்புக்கு இன்னாத்துக்கு ஆளு?"

அவன் வாயைத் திறந்தான். மாரி அண்ணன் சிரித்துவிட்டார். மிச்சச் சீப்புகளை வாங்கிக்கொண்டு அவன் மழையிலேயே இறங்கிப் போய்விட்டான்.

"விக்கு செய்றவனா இருப்பானோடி?" என்றாள் அம்மா காமாட்சியம்மாள், மகள் சொன்னதைக் கேட்டு. அன்றிலிருந்து அம்மாவுக்கும் அதே நினைப்பு. யுவஸ்ரீ அந்தப் பச்சைச் சீப்பால்தான் தலைவாரினாள். வாரும்போதெல்லாம் அந்தக் கண்கள்...

சனிக்கிழமை பஸ் ஸ்டாப்பில் அவனே நின்றுகொண்டிருந்தான்.

"அந்தச் சீப்பெல்லாம் இன்னா பண்ணீங்க? சொல்லாங்காட்டி என் மண்ட வெடிச்சிடும்."

"சொன்னா திரும்பவும் சிரிப்பீய."

"சத்தியமா மாட்டேன்."

பெயர் ஏசுவடியான். ஊர் நாசரேத், இங்கே மெஷின் ஆபரேட்டர். கிறிஸ்துமஸுக்கு மொத்தக் குடும்பமும் மண்ணூரில் அவன் வாடகை வீட்டுக்கு வருகிறது. சின்னச் சின்ன மாவு உருண்டையைச் சீப்பின் பல்லில் அழுத்திச் சுருட்டி, எண்ணெயில் பொரித்தால் கல்கல். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சுருட்டுவார்கள், ஆளுக்கொரு சீப்பால்.

"அம்மா வழுக்கி விழுந்து வலது கையில கட்டு. இந்த வருஷம் பலகாரமே இல்லையேன்னு அழுதாவ. நான் செஞ்சு தாரேன்னு வாக்குக் குடுத்துட்டேன். எனக்குச் சுடுதண்ணிகூட வைக்கத் தெரியாது... நீங்க எடுத்தது என் சீப்பு."

யுவஸ்ரீக்குச் சுருக்கென்றது. இவனையா கிண்டல் செய்தோம்? கைப்பையைத் துழாவிப் பச்சைச் சீப்பை எடுத்து நீட்டினாள். அவன் அதைப் பார்த்தான்... அவளைப் பார்த்தான்... வாங்கிக்கொண்டான்.

"நாளைக்குச் சுருட்டுதோம். உங்க அம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் காமாட்சியம்மாள் மகளுக்கு முன்னால் கிளம்பி நின்றாள்.

வீடெல்லாம் தேங்காய்ப்பால் வாசம். அக்கா, அத்தான், சித்தி... எல்லார் கையிலும் சீப்பு. கட்டுப்போட்ட கையோடு அவன் அம்மா நடுவில் உட்கார்ந்து, "நல்லா அழுத்துல!" என்று மகனை விரட்டிக்கொண்டிருந்தார். மகன் வாங்கித் தந்த தன் புதுச் சீப்பை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் மடியிலேயே வைத்திருந்தார். மகன் கேட்டும் தரவில்லையாம். ஏசுவடியான் ஒரு முள்கரண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

அப்படியானால் அவள் கொடுத்த சீப்பு? வட்டத்தில் எங்குமே பச்சை இல்லை. இன்னும் கோபமா? அவள் கொடுத்ததைத் தொடக்கூட மனசில்லையா? யுவஸ்ரீ எழுந்தாள். யாரிடமும் சொல்லாமல் வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினாள்.

அவன் மாவுக் கையோடு ஓடி வந்தான். "ஏங்க, எங்க போறீங்க?"

"என் சீப்பு வோணாம்னா நேத்தே சொல்லியிருக்கலாமே?"

"அது தலைவாரின சீப்புல்லா? பல்லுக்கு நடுவுல உங்க முடி ஒண்ணு இருந்துது... அதுல எப்படிங்க மாவச் சுருட்ட?"

ஐயோ! நாலு தரம் பார்க்கிற கண்ணுக்கு இது தெரியாமல் போனதே! அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்ப இன்னாத்துக்கு வாங்கிக்கினீங்க?"

"நீங்க குடுத்ததுல்லா..."

சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினான். பச்சைச் சீப்பின் நுனி எட்டிப் பார்த்தது. "நேத்துலேருந்து இங்கதான் இருக்கு. உங்கள எனக்குப் பிடிச்சிருக்குங்க. கடையில கிண்டல் பண்ணீங்களே... அப்பவே."

"ஏல, எண்ண காயுது!" உள்ளேயிருந்து அவன் அம்மா. "அந்தப் பிள்ளைய உள்ள கூட்டிட்டு வா. என் சீப்பு சும்மாதான கிடக்கு, அவ சுருட்டட்டும்."

காமாட்சியம்மாள் அதற்குள், பொரித்து வைத்திருந்ததில் ஒரு தட்டைக் காலி செய்திருந்தாள். யுவஸ்ரீ அந்த அம்மாவின் சீப்பை வாங்கிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் கல்கல் கோணலாக வந்தது.

"இது ரிஜெக்ட்டு."

"இந்த வீட்டுல ரிஜெக்ட் கிடையாதுங்க."

அவள் நிமிரவில்லை. அடுத்த உருண்டையைச் சீப்பில் அழுத்தியபடி, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அன்னிக்கு எனக்கு சீப்பே தேவையில்ல. நீங்க இன்னும் கொஞ்ச நேரம் நிக்கணும்னுதான்... புடுங்கினேன்."