உயிரோடிருந்தவரின் மரண அறிவித்தல்

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, அன்று ஆறரைக்கே தொலைக்காட்சியில் காலமாகியிருந்த சிவபாதம் ஞானசவுந்தரி வீட்டுப் படலையைக் காலால் தள்ளித் திறந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அக்கா, இந்தக் கடிதத்தில ஒரு கையெழுத்து வையுங்கோ. பொலிசுக்குக் குடுக்க வேணும்."

ஞானசவுந்தரி தீவுப்பகுதியில் முப்பது வருடம் பிறப்பு இறப்புப் பதிவாளராக இருந்து ஓய்வுபெற்றவர். இப்போது ஊராரின் கடிதங்களைக் கையெழுத்திட்டு உறுதிப்படுத்தும் சமாதான நீதவான். சிவபாதத்தை அவருக்கு அறவே பிடிக்காது. இருபது வருடத்துக்கு முன், புளியங்கூடலில் வீடியோக் கடை வைத்திருந்த இந்த மனிதர் 'அலைமுகம்' தொலைக்காட்சியைத் தொடங்கியபோது, கேட்காமல் கொள்ளாமல் ஞானசவுந்தரியின் பனைகளில்தான் கேபிள் வயர் கட்டினார். கேட்டதற்கு, "பனை என்ன தேய்ஞ்சா போச்சு?" என்றார்.

கடிதத்தில் அனோஜினியின் பெயர் இருந்தது. சரவணையைச் சேர்ந்த அந்தப் பெண் ஐந்து வருடமாக நிலையத்தில் மரண அறிவித்தல்களைத் தட்டச்சுச் செய்பவள். காலை ஆறரைக்குப் போகும் 'துயர் பகிர்வு' நிகழ்ச்சியைத் தீவகத்தில் பார்க்காத வீடு குறைவு. இன்று அதில் சிவபாதமே படத்தோடு வந்துவிட்டார்.

"அவளின்ர கொம்பியூற்றர். அவளின்ர பாஸ்வேர்ட். போன கிழமை எல்லாருக்கும் முன்னால அவளை ஏசினனான், அதுக்குத்தான் இது. கமராக்காரனைக் கொண்டு போடுவிச்சனான், ஏழரையிலயிருந்து அவளின்ர பேர் திரைக்கு அடியில ஓடுது. பின்னேரம் ஆறு மணிச் செய்தியில படத்தையும் போடுவன்."

"விசாரிச்சனீரோ?"

"விசாரிக்க என்ன இருக்கு?"

பெயர் ஓடிவிட்டது. ஒரு பெண்ணின் பெயர் இப்படி ஒருமுறை திரையில் ஓடினால், தீவில் அவள் பிறகு எந்த அலுவலக வாசலிலும் வேலை கேட்டு நிற்க முடியாது. இந்த மனிதருக்கு அது தெரியும். தெரிந்துதான் செய்திருக்கிறார்.

"பார்க்காமல் கையெழுத்து வைக்க ஏலாது" என்றார் ஞானசவுந்தரி. "வாறன், போம்."

அவர் எங்கே போவதென்றாலும் றொஜனின் ஓட்டோதான். றொஜனுக்குத் துப்பறிவதென்றால் சோறு தண்ணி வேண்டாம். மதகடியைத் தாண்டுவதற்குள் செய்த ஆள் யாரென்று முடிவுகட்டிவிட்டான்.

"கமராக்காரன் தர்சன்தான், அன்ரி. அவனுக்கும் முதலாளிக்கும் ஆகாது."

"சிவபாதத்துக்கு ஆகிற ஒரு ஆளைச் சொல்லும் பாப்பம்."

றொஜன் ஓட்டோவின் வேகத்தைக் கூட்டினான்.

நிலையம் இரண்டு அறைகள்தான். நுழைந்ததும் ஞானசவுந்தரி அந்த அறிவித்தலைப் போட்டுக் காட்டச் சொன்னார். திரையில் குத்துவிளக்குப் படத்துக்குக் கீழே எழுத்துகள் வந்தன:

'புளியங்கூடலைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட சிவபாதம் அவர்கள் நேற்று ஞாயிற்றுக்கிழமை மாலை காலமானார். அன்னார் இராசேஸ்வரியின் அன்புக் கணவரும், சுஜிதன் (கனடா), பவதாரணி (பிரான்ஸ்) ஆகியோரின் பாசமிகு தந்தையும் ஆவார். இறுதிக்கிரியைகள் இன்று காலை பத்து மணிக்கு அன்னாரது இல்லத்தில் நடைபெற்று, பூதவுடல் மயானத்துக்கு எடுத்துச் செல்லப்படும்.'

ஞானசவுந்தரி அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு ஒவ்வொருவராக உள் அறைக்குக் கூப்பிட்டார். றொஜன் கதவடியில் கொப்பியும் பேனையுமாக நின்றான்.

அனோஜினியின் கண்கள் வீங்கியிருந்தன, ஆனால் குரல் உடையவில்லை. "ஒவ்வொரு அறிவித்தலுக்கும் வீட்டுக்காரருக்கு ஃபோன் எடுத்து, ஊர் விதானையாரிட்டையும் கேட்டுத்தான் போடுறனான். நேற்று நாலரைக்கு லிஸ்றை மூடிப்போட்டு ஸ்கூட்டியில போயிட்டன். இதைப் பின்னேரம் ஆறு பத்துக்கு ஆரோ சேர்த்திருக்கினம். விடிய லிஸ்ற் தன்பாட்டில ஓடும்."

"ஆறு பத்துக்கு ஆர் நிண்டது?"

"தர்சன் அண்ணை, சந்திரசேகர் ஐயா, முதலாளி. பாஸ்வேர்டை மொனிற்றரிலதான் ஒட்டி வச்சிருக்கிறன். எல்லாருக்கும் தெரியும். நான் வீட்டை போனதைக் கண்ட ஆள்தான் இல்லை."

"சரி. இந்த அறிவித்தல் மெய்யாயிருந்தால், இண்டைக்கு இந்த ரீவியில என்ன போயிருக்கும்?"

அனோஜினி விசித்திரமாகப் பார்த்தாள். "சுஜிதன் அண்ணை வந்து இறங்குமட்டும் சோக வாத்தியம்தான். நாலஞ்சு நாள்."

தர்சன் உட்காரவே இல்லை. "நான் செய்யேல்லை. செய்திருந்தால் பேருக்கு முன்னால இன்னும் நாலு சொல்லுச் சேர்த்திருப்பன்." அதே கேள்விக்கு அவன் சொன்னது: "ஒரு கிழமைக்குப் பாட்டு இல்லை, படம் இல்லை. கடைசி நாள் செத்தவீட்டை நேரலையில விடவேணும். என்ர முதுகுதான் முறியும்."

கடைசியாக, மிச்சப் புத்தகங்களை எடுக்க இன்றும் வந்திருந்த சந்திரசேகரைக் கூப்பிட்டார். நயினாதீவில் பரம்பரையாகக் கோயில் பூசை செய்யும் குடும்பம். தொடக்கநாளிலிருந்து காலை ஆறு மணிக்குப் பஞ்சாங்கமும் தேவாரமும் அவருடைய பகுதி. இந்த மாதம் முதலாம் திகதியோடு சிவபாதம் அதை நிறுத்தி, வெளிநாட்டுப் பிறந்தநாள் வாழ்த்துகளைப் போடத் தொடங்கியிருந்தார்.

"நேற்று என்ர புத்தகங்களை எடுக்க வந்தனான்" என்றார். "துயர் பகிர்வை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. என்ர பகுதி முடிஞ்ச கையோட பூசைக்குப் போயிடுவன்."

"மெய்யாயிருந்தால் இண்டைக்கு ரீவியில என்ன போயிருக்கும், ஐயா?"

"காலமை கொஞ்சம் நிப்பாட்டியிருப்பினம். பின்னேரம் வழமைபோலப் போயிருக்கும். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும்தானே."

ஞானசவுந்தரி தலையசைத்தார். றொஜன் கொப்பியில் தர்சனின் பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தான்.

பத்து மணியளவில் எல்லாரும் முன் அறையில் கூடினார்கள். சிவபாதத்தின் விரல் கடிதத்தில் கையெழுத்துக்கான இடத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

"முப்பது வருசம் இறப்புப் பதிஞ்சனான்" என்று தொடங்கினார் ஞானசவுந்தரி. "செத்த திகதி, எரிச்ச திகதி ரண்டையும் எழுதுறது என்ர வேலை. எங்கட வீடுகளில பிள்ளையள் வெளியில இருந்தால் ரண்டு திகதிக்கும் இடையில எத்தினை நாள், றொஜன்?"

"நாலு. சிலநேரம் ஒரு கிழமை. என்ர சித்தப்பாவை ஆறு நாள் வச்சிருந்தது, அன்ரி. சுவிஸ்காரன் வந்துதான் கொள்ளி வச்சவன்."

"சிவபாதத்தின்ர ஒரே மகன் கனடாவில. அறிவித்தலிலயே அது கிடக்கு. அப்ப பின்னேரம் செத்தவரை அடுத்தநாள் காலமை பத்து மணிக்கு ஆர் எரிப்பினம்?"

"அவசரத்தில எழுதியிருப்பாள்" என்றார் சிவபாதம்.

"இந்தப் பிள்ளை அஞ்சு வருசமா எழுதுறது 'கிரியைகள் பற்றிப் பின்னர் அறியத்தரப்படும்' எண்டுதான். அவசரமெண்டால் கை அதைத்தான் எழுதும். கேட்டதுக்கு இவள் நாலஞ்சு நாள் எண்டாள், தர்சன் ஒரு கிழமை எண்டான். இவையளுக்குச் செத்தவீடு எண்டால் காத்திருக்கிறதுதான். ஒரு ராவுக்கு மேல வீட்டில வச்சிருக்காத ஆக்கள் ஆர்? கோயில் பூசை செய்யிற குடும்பங்கள். அந்த வீட்டுப் பதிவுகளில ரண்டு திகதியும் பக்கத்தில பக்கத்தில இருக்கும். பின்னேரம் போனால் விடிய எடுத்திடுவினம். மகன் எங்க நிண்டாலும் பங்காளி ஒருத்தர் கொள்ளி வைப்பார். அந்த வழக்கத்தில வளர்ந்த ஆள், ஆரின்ர செத்தவீட்டை எழுதினாலும் தன்ர வீட்டுக் கணக்கிலதான் எழுதுவார். பின்னேரத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும் எண்டு என்னட்டைச் சொன்னதும் அவர்தான்."

ஒருவரும் சந்திரசேகரைப் பார்க்கவில்லை. அவரே எழுந்தார்.

"ஓம், நான்தான்" என்றார். "போன கிழமை இருபதாவது ஆண்டு நிறைவு எண்டு இவர் இந்த ரீவியின்ர வரலாறு போட்டவர். முதல் நாள் போனது நயினாதீவுத் தேர்த்திருவிழா. அந்த வீடியோவைப் பிடிச்சு, படகில கொண்டுவந்து குடுத்தது நான். ஒரு மணித்தியால வரலாற்றில என்ர பேர் ஒரு இடத்திலயும் இல்லை. தான் தனிய எல்லாம் செய்தனாம். ஒரு காலமை தன்னை இல்லாமல் பண்ணினால் எப்பிடி இருக்குமெண்டு இவருக்குத் தெரியட்டும் எண்டு போட்டன்."

"சிவபாதத்தில கோவமெண்டால் சிவபாதத்தோட சண்டை பிடிச்சிருக்கலாம்" என்றார் ஞானசவுந்தரி. "ஏன் ஐயா இந்தப் பிள்ளையின்ர கதிரையில இருந்தனீங்கள்? காலமை அவளின்ர பேர் ஓடேக்கையும் ஏன் வாய் திறக்கேல்லை?"

சந்திரசேகர் அனோஜினியைப் பார்க்கவும் முடியாமல், புத்தகப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சரியான காரணம் இருந்தும் கோழைத்தனமாக நடந்துகொண்ட மனிதர்.

சிவபாதம் கடிதத்தைக் கிழித்தார். "சரி. அந்த எழுத்தை எடுத்துவிடு, அனோஜினி. நாளைக்கு வழமைபோல வா."

"அவ்வளவுதானோ?" என்றாள் அனோஜினி.

"வேற என்ன? நான் செத்துப்போனன் எண்டு ஊர் முழுக்கச் சிரிக்குது. இவள் என்னை மன்னிப்புக் கேக்கச் சொல்லுறாளோ?"

அனோஜினி தன் கதிரையில் இருந்து தட்டச்சுச் செய்தாள். நிலையத்துத் திரையின் அடியில் அது ஓடத் தொடங்கியது: 'பொய் அறிவித்தலை அனோஜினி போடவில்லை. விசாரிக்காமல் அவர் பெயரை ஒளிபரப்பியவர் அலைமுகம் உரிமையாளர் சிவபாதம்.'

"அழி உதை."

"என்ர பேர் ரண்டரை மணித்தியாலம் ஓடினது. நான் நாளைக்கு வரமாட்டன்." அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியடிக்குப் போனாள்.

சிவபாதம் தர்சனைப் பார்த்தார். தர்சன் கைகளைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றான்.

"இதை எப்பிடியடா நிப்பாட்டுறது?"

சிவபாதம் தானே போய் அந்தக் கதிரையில் அமர்ந்தார். ஒரு பொத்தானை அழுத்தினார், இன்னொன்றை அழுத்தினார். எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. ஞானசவுந்தரி ஓட்டோவில் ஏறும்போதும் அவர் ஒவ்வொரு பொத்தானாகத் தேடிக்கொண்டிருந்தார்.