கடைசிக் கொக்கி

கறிக்கடை முதலாளி அடித்துப் பிடித்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குள் நுழைந்தபோது, டாக்டரம்மா ஒரு நாயின் காதைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். கம்பவுண்டர் நாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக அவருக்கு வாய்த்த வேலை அதுதான். பிடித்துக்கொள்வது இவர், பேர் வாங்குவது அம்மா. வெளியே சிரித்தாலும் மனுஷனுக்கு உள்ளே புகையும்.

"டாக்டரம்மா, என் பொழப்பே போச்சு! குளிர் அறையில யாரோ தானாச் செத்த ஆட்டைக் கொண்டாந்து தொங்கவிட்டுட்டாங்க. கடை திறக்குறதுக்கு முன்னாடியே சுகாதார ஆபீசர் வந்து நிக்கிறார். போன்ல யாரோ சொன்னாங்களாம். நாலு மணிக்குள்ள ஆள் யாருன்னு தெரியலைன்னா லைசென்ஸ் ரத்தாம்."

"பூட்டை உடைச்சிருக்காங்களா?"

"இல்லம்மா. சாவி எங்கிட்ட ஒண்ணு, தம்பிகிட்ட ஒண்ணு, மச்சான்கிட்ட ஒண்ணு."

"எதிர்க்கடைக்காரன்தான்! வயித்தெரிச்சல்!" என்று துள்ளினார் கம்பவுண்டர்.

"அவருக்குச் சாவி யார் குடுத்தா?" என்றார் டாக்டரம்மா, நாயை விட்டுக் கண்ணெடுக்காமல். கம்பவுண்டரின் முகம் சுருங்கிப்போனது.

மூவரும் கறிக்கடைக்குப் போனார்கள். பெயர்ப்பலகையில் முதலாளி பெயருக்குக் கீழே மச்சான் பெயர் புது பெயிண்டில் மினுமினுத்தது. போன மாதம்வரை அவர் துணிக்கடையில் இருந்தவர். எட்டு வருஷமாகக் கறி வெட்டும் தம்பியின் பெயர் எங்கும் இல்லை.

குளிர் அறையில் பதினோரு ஆடுகள் நெருக்கியடித்துத் தொங்கின. ஒவ்வொன்றின் தொடையிலும், சோதித்த கறி என்பதற்கான ஊதா முத்திரை. அவற்றை அடுத்து இரண்டு கொக்கி காலி. கடைசிக் கொக்கியில் முத்திரை இல்லாத பன்னிரண்டாவது ஆடு, அறுத்து ரத்தம் வடிக்காததால் கறுத்துப்போய்த் தொங்கியது. அதன் அடியில் மட்டும் ஒரு தட்டு.

"சார், முத்திரை போட்டதுல ஒண்ணை எடுத்து இந்தக் காலிக் கொக்கியில மாட்டுங்க," என்றார் டாக்டரம்மா மச்சானிடம்.

மச்சான் திருதிருவென்று விழித்தார். ஒன்றைக் கட்டிப்பிடித்துத் தூக்கி, கொக்கியைத் தொடைச் சதையில் குத்தினார். சதை கிழிந்து ஆடு சரிந்தது.

"ஐயோ, தரையில படப்போகுது!" என்று தம்பி பாய்ந்து தாங்கினான். பின்னங்கால் நரம்புக்குள் கொக்கியை விட்டு ஒரே வீச்சில் மாட்டினான். கடைசி ஆடும் அப்படியேதான் மாட்டப்பட்டிருந்தது.

டாக்டரம்மா எல்லாரையும் வெட்டுமேடைக்கு முன் உட்கார வைத்தார். ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மாட்டினது தொழில் தெரிஞ்ச கை. அதனால மச்சான் இல்லை. கெடுக்கணும்னே வந்த வெளியாளா இருந்தா நல்ல கறி நடுவுல சொருகியிருப்பான். இவன் ரெண்டு கொக்கி தள்ளி மாட்டி, சொட்டு விழாம தட்டும் வச்சிருக்கான். கடை திறக்குறதுக்குள்ள ஆபீசருக்கும் சொல்லிட்டான். அண்ணன் பேர் கெடணும், ஆனா ஒரு ஆள்கூட அந்தக் கறியைத் தின்னுடக் கூடாது. அப்படி நினைக்கிறவன் இங்க ஒருத்தன்தான்."

அந்தத் தட்டைக் கம்பவுண்டரும் பார்த்திருந்தார். பார்த்தும் தோன்றவில்லையே என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைகுனிந்து உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தார். எனக்குள்ளும் இதே புகைதானே, இவனைப் புரிந்துகொள்ள எனக்கு டாக்டரம்மா எதற்கு என்று நினைத்தபோது கூசியது.

"ஒரு வாரம் கடை மூடிக் கிடந்தா மச்சான் ஓடிடுவார்னு நினைச்சேண்ணே," என்றான் தம்பி. "லைசென்ஸே போகும்னு தெரியாது. எட்டு வருஷம்ணே! நேத்து வந்தவருக்குப் பலகையில பேரு. எனக்கு என்னண்ணே குறைச்சல்?"

முதலாளி எழுந்து தம்பியின் அருகே போனார்.

"குறைச்சல் எனக்குத்தான்டா. வர்றவங்க எல்லாரும் உன் கையைத்தான் கேக்குறாங்க. பலகையிலயும் உன் பேர் ஏறிட்டா, என்னை யார்டா கேப்பா? எனக்குப் பொறாமைடா. அதான் ஒண்ணும் தெரியாதவனா பார்த்துக் கூட்டுச் சேர்த்தேன்."

மச்சான் தரையைப் பார்த்தார். தம்பி நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டு ஆபீசரோடு ஜீப்பில் ஏறினான். சோதித்த பதினோரு ஆடுகளோடு நாலு மணிக்குக் கடை திறந்தது. முதலாளி கத்தியை எடுத்துக்கொண்டு மேடைக்கு வந்து நின்றார்.

முதலில் வந்த அம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"தம்பி இல்லையா? அப்ப நாளைக்கு வர்றேன்."