மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே

இணைப்பு அறுந்த குளக் கன்ட்ரோலரிலிருந்து திரைக்கு எண் வரக் கூடாது. பட்டியலில் அந்த வீட்டுக்கு எதிரே காலையிலிருந்தே சிவப்புப் புள்ளிதான். புள்ளிக்குப் பக்கத்தில் குளத்தின் நீர்மட்டம், தொடர்பு போன நொடியில் இருந்தபடியே, 1430.0 மில்லிமீட்டர் என்று உறைந்து நின்றிருந்தது. மாலை நாலு பத்துக்கு அது 1430.7 ஆனது.

அவள் அதைப் பார்த்தாள். பழைய எண் ஏதாவது தாமதமாக வந்து சேர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்தாள்.

சனிக்கிழமை. நாற்பது பேர் உட்காரும் தளத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள். மற்ற நாற்காலிகள் மேஜைக்குள் தள்ளிவிடப்பட்டு வரிசையாக முதுகு காட்டி நின்றன. குளிர்சாதனம் எங்கோ கூரைக்குள் ஒரே சுருதியில் இழுத்துக்கொண்டிருந்தது. ஜன்னல் மறைப்பின் இடுக்குகள் வழியே மேகம் மூடிய வெளிச்சம் தரைவிரிப்பில் சாம்பல் நிறக் கோடுகளாக விழுந்து கிடந்தது. நகரத்தைச் சுற்றியுள்ள இருநூற்றுச் சொச்சம் நீச்சல் குளங்களின் பம்பு, விளக்கு, தானியங்கி மூடி எல்லாவற்றையும் இந்த மேஜையிலிருந்தே கவனித்துக்கொள்வது அவள் வேலை. அவள் இங்கே ஒரு பொத்தானை அமுக்கினால் எங்கோ ஒரு வீட்டின் பின்புறத்தில் மோட்டார் ஓடும். அப்படி ஓடாதபோது நேரில் போய்ப் பார்க்கும் ஆட்களில் ஒருவன் அவளுடைய தம்பி. படித்துவிட்டு இரண்டு வருடம் சும்மா இருந்தவனை அவள்தான் கெஞ்சிக் கூத்தாடி இங்கே சேர்த்துவிட்டாள்.

ஐந்து மணிக்கு அவன் கூப்பிட்டான்.

“மேடம், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்.”

“டேய், அது நான் சொல்ற வசனம். போய்ச் சேர்ந்தியா?”

“சேர்ந்துட்டேன். வீட்ல ஒரு ஈ காக்கா இல்ல. எல்லாரும் வெளிநாடு போயிருக்காங்களாம். சாவி வாசல் கேட் பக்கத்துல பெட்டியில இருந்துச்சு.”

காதில் மாட்டிய கருவிக்குள் அவனுடைய மூச்சு சீறிச் சீறி வந்தது. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு மூக்கடைப்பு. வாயால்தான் மூச்சு விடுவான். அதற்குப் பின்னால் பம்பின் உறுமல், அதற்கும் பின்னால் எங்கோ சொட்டும் தண்ணீர்.

ரவுட்டரை அணைத்து எரியவிட்டான். கேபிளைக் கழற்றி மறுபடி மாட்டினான். கன்ட்ரோலரில் பச்சையாக நிற்க வேண்டிய விளக்கு ஆரஞ்சாக மின்னிக்கொண்டே இருந்தது.

“பக்கவாட்டுல ஊசி நுழையற மாதிரி ஒரு ஓட்டை இருக்கும். குத்திப் புடிச்சுட்டுப் பத்து எண்ணு.”

எண்ணினான். ஏழுக்கு அப்புறம் ஒன்பது சொன்னான், வேண்டுமென்றே. கன்ட்ரோலர் அணைந்து எரிந்தது. அவள் திரையில் எண்கள் மளமளவென்று வரத் தொடங்கின. சிவப்புப் புள்ளி மட்டும் சிவப்பாகவே இருந்தது.

“குள விளக்கப் போடறேன், எரியுதா பாரு.”

“இல்லக்கா.”

திரையில் ‘கட்டளை காத்திருக்கிறது’ என்று வந்தது. மறுபடி அமுக்கினாள். இன்னொரு வரி, அதே சொற்கள்.

“அது சொல்றது நமக்கு வருது. நாம சொல்றது அதுக்குப் போக மாட்டேங்குது.”

“நம்ம அம்மா மாதிரின்னு சொல்லு.”

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. “இங்க குளோரின் வாசனையே இல்லக்கா,” என்றான். “ஈரத் துணிய வாளியில போட்டு மறந்துட்டா ரெண்டு வாரம் கழிச்சு ஒரு நாத்தம் வருமே, அது வருது. பம்பு ரூம்ல இல்ல. குளத்துப் பக்கமிருந்து.”

“மூடி போட்டிருக்கா?”

“இழுத்து மூடியிருக்கு.”

கன்ட்ரோலர் தன் நினைவில் வைத்திருந்ததையெல்லாம் இப்போது கொட்டிக்கொண்டிருந்தது. அவள் நீர்மட்டத்தின் வரைகோட்டைத் திறந்தாள். பகல் முழுக்கத் தட்டையாகப் போன கோடு, நாலு பத்துக்கு ஒரு படி ஏறியிருந்தது. சரிவாக ஏறவில்லை. வால்வு திறந்து தண்ணீர் நிரம்பினால் சரிவாக ஏறும். இது படி. ஆறு வருடமாக இந்தப் படிகளைப் பார்த்து அவளுக்குப் பழக்கம். விடுமுறை நாட்களில் குளத்தில் குதிக்கும் ஒவ்வொருவரும் இப்படித்தான் கோட்டில் தெரிவார்கள்; பெரியவர் இறங்கினால் இந்த அளவுக் குளத்தில் இரண்டரை மில்லிமீட்டர். 0.7 என்றால் இருபது கிலோ.

இருபது கிலோ என்றால் ஐந்து வயது, ஆறு வயது.

அவள் மைக்கை வாயருகே இழுத்தாள்.

“டேய். பக்கத்து வீட்ல குழந்தைங்க இருக்கா?”

“தெரியலயே. ஏன்?”

“மதில் ஏறிக் குதிச்சு வர முடியுமா? மூடிக்கு ஓரத்துல இடுக்கு ஏதாவது இருக்கா? குளத்துக்குள்ள யாரோ இருக்காங்கடா. ஒரு சின்னக் குழந்தை.”

மூச்சு ஒரு கணம் நின்றது. பிறகு அவன் ஓடும் சத்தம். செருப்பு ஈரத் தரையில் சப்பென்று அடித்தது.

“உன்னால திறக்க முடியாதா?”

“கட்டளை போகல! சாவி சுவிட்ச் இருக்கும் பாரு, சுவர்ல. சாவியப் போட்டுத் திருப்பிப் புடிச்சுக்கணும். விட்டா நின்னுரும்.”

மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே எழுபது மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. நான்கு விரல் உயரம். முகத்தை மேலே திருப்பி வைத்துக்கொண்டால் ஒரு குழந்தை மூச்சு விடலாம். விடலாம், விடலாம் என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள். மோட்டார் முனகத் தொடங்கியது காதில் கேட்டது. பலகை பலகையாக மூடி சுருண்டு பின்வாங்கும் கரகர ஒலி. முழுதும் திறக்க நாற்பது நொடி ஆகும்.

அந்த நாற்பது நொடியில் அவள் இரண்டு விஷயங்களைப் பார்த்தாள்.

மூடியின் பதிவேட்டில் கடைசித் திறப்பு பதினோரு நாளைக்கு முன்னால். அந்த மூடியில் விரல் நுழையும் இடுக்குகூடக் கிடையாது. பெரிய ஆளே ஏறி நின்றாலும் தாங்கும். நாலு பத்துக்கு யாரும் உள்ளே போயிருக்க முடியாது.

அடுத்தது வரைகோடு. தண்ணீரில் உயிருள்ள எது இருந்தாலும் கோடு நடுங்கும். கை ஆட்டினால் நடுங்கும், மூச்சு விட்டால் நடுங்கும். இது நாலு பத்திலிருந்து நடுங்கவே இல்லை. கல்லைப் போல.

“டேய், கிட்டப் போகாத.”

“அக்கா, இருக்குக்கா!” அவன் குரல் உடைந்தது. “அடியில, மூலையில உக்காந்திருக்கு. பாப்பா! இங்க பாரு பாப்பா!”

“நான் சொல்றதக் கேளு. தள்ளி வா.”

“உயிரோட இருக்குக்கா! மேல வருது. கைய நீட்டுது.” போனைத் தரையில் வைக்கும் கிளிக்கென்ற சத்தம். அதன் பிறகு அவன் குரல் தூரத்தில். “பயப்படாத. மாமா இருக்கேன்ல. கையக் குடு.”

“தம்பி! தொடாதடா!”

தரையில் கிடந்த போன் யாருக்குக் கேட்கும்?

பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. பாத்திரத்தைத் தண்ணீரில் அமிழ்த்தினால் வருமே, அவ்வளவுதான்.

1433.3.

அவள் எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை.

1432.6.

ஏதோ ஒன்று வெளியே வந்திருந்தது. இருபது கிலோ.

மோட்டார் முனகியது. கரகரவென்று பலகைகள். மூடி மூடிக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தால் மட்டுமே ஓடும் மூடி. நாற்பது நொடியும் நிற்காமல் ஓடி மூடியது.

தரையில் எதுவோ உரசியது. போனை எடுத்தார்கள்.

“ஒண்ணும் இல்லக்கா.” தம்பியின் குரல். “சும்மா இலை விழுந்து கிடந்துச்சு. மூடிட்டேன்.”

சொற்களுக்கு நடுவே மூச்சு இல்லை.

“நீ யாரு?”

“நான்தான்க்கா.”

திரையில் மூடி மோட்டாரின் இழுவையைக் காட்டும் இன்னொரு கோடு துள்ளியது. போன மாதம் ஒரு வீட்டில் நாய் ஒன்று மூடிமேல் நடந்தபோது இந்தக் கோடு புள்ளி புள்ளியாகக் கீழே இறங்கியதை அவள் பார்த்திருக்கிறாள். மேலிருந்து மிதித்தால் கீழே இறங்கும். இது மேலே எழுந்தது. மறுபடி. மறுபடி. ஒழுங்கில்லாமல், வெறியோடு.

யாரோ அடியிலிருந்து அடிக்கிறார்கள்.

‘மூடி திற’ பொத்தானை அமுக்கினாள். கட்டளை காத்திருக்கிறது. அமுக்கினாள். காத்திருக்கிறது. காத்திருக்கிறது.

மேஜைத் தொலைபேசியில் அவசர எண்ணை அழுத்தினாள். முகவரியைச் சொல்லும்போது வீட்டு எண் மறந்துபோய் மறுபடி திரையைப் பார்த்துப் படித்தாள்.

“அவர் விழுந்தத நீங்க நேர்ல பாத்தீங்களா?” என்றாள் எதிர்முனைப் பெண்.

“இல்ல. நான் இங்க ஆபீஸ்ல இருக்கேன். தண்ணி ஏறிச்சு. எண் மாறிச்சு. சீக்கிரம் அனுப்புங்க, கால்ல விழறேன்.”

“வண்டி கிளம்பியாச்சும்மா. இருபது நிமிஷம் ஆகும்.”

இங்கிருந்து அந்த வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம். அவள் உட்கார்ந்தாள். காதில் அந்த வெறும் அமைதி. அது போனை வைக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு புதிய வரி வந்தது. ‘நீர் நிரப்பும் வால்வு: திறந்தது.’

1432.8.

1433.0.

அந்த வால்வின் கைப்பிடி பம்ப் அறையில் இருக்கிறது. தண்ணீர் நிமிடத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் வீதம் ஏறியது. மூடி இருக்கும் உயரம் 1500. அவள் மனம் தானாகவே கணக்குப் போட்டது. முப்பத்து மூன்று நிமிடம்.

“வால்வ மூடு,” என்றாள். “உனக்கு என்ன வேணும்? அவன விட்டுடு. அவனுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் திறக்கச் சொன்னேன்.”

“எல்லாம் சரியாயிடுச்சுக்கா,” என்றது தம்பியின் குரல்.

1451. கோடு துள்ளிக்கொண்டிருந்தது. தம்பியின் பெயரைச் சொல்லிச் சொல்லி எண்களை வேண்டினாள். 1468. துள்ளல்களுக்கு நடுவே இடைவெளி கூடியது. களைத்துவிட்டான். 1479.

இருபத்து நாலாவது நிமிடம், காதில் தூரத்தில் சைரன் கேட்டது. கேட் திறக்கும் ஓசை. ஆண்களின் குரல்கள். தம்பியின் குரல் சிரித்துப் பேசியது. வந்த காவலர்களில் ஒருவர் போனை வாங்கினார்.

“ஹலோ, நீங்கதான் தகவல் குடுத்தீங்களா? உங்க தம்பி நல்லாத்தான் இருக்காரும்மா. இதோ என் முன்னாடிதான் நிக்கறாரு.”

“அது அவன் இல்ல சார்! மூடியத் திறங்க! சாவி சுவர்லயே இருக்கும்! அடியில இருக்கான், தட்டறான் சார், காத வெச்சுக் கேளுங்க!”

நடந்து போகும் பூட்ஸ் சத்தம். நின்றது.

“ஒரு சத்தமும் இல்லயேம்மா.”

திரையில் கோடு துள்ளியது. ஒன்று. இரண்டு. மூன்று.

“இப்ப தட்டினான்! இப்ப!”

“அம்மா.” குரல் இளகியது. நோயாளியிடம் பேசும் இளகல். “ரொம்ப நேரமா தனியா வேலை பாக்கறீங்களா? கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுப் படுங்க.”

கெஞ்சினாள். கத்தினாள். கதவு சாத்தும் ஓசை. சைரன் போடாமலே வண்டி கிளம்பிப் போனது.

1493.

“அக்கா,” என்றது குரல். “வேலை முடிஞ்சுது. நான் வீட்டுக்குக் கிளம்பறேன்.”

இணைப்பு அறுந்தது.

அம்மாவை அழைத்தாள். அம்மாவின் எண் வேறோர் அழைப்பில் இருந்தது. மறுபடி அழைத்தாள். வேறோர் அழைப்பில். காவல்துறைக்கு அடித்தாள், நேரில் பார்த்து உறுதி செய்துவிட்டோம் என்றார்கள்.

1498. ஒரு துள்ளல்.

1499. இல்லை.

1500.0.

வால்வு மூடிக்கொண்டது. அறையில் குளிர்சாதனத்தின் இழுப்பு மட்டும். அவள் இரண்டு கைகளாலும் திரையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், விழாமல் தாங்குவதுபோல. நீர்மட்டக் கோடு தட்டையாக ஓடியது. துளி நடுக்கம் இல்லை. கல்லைப் போல.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம்.

பிறகு மூடியின் கோடு துள்ளியது. மேல்நோக்கி. ஒரு முறை. சரியாக இரண்டு நொடி விட்டு இன்னொரு முறை. அதில் வெறி இல்லை, களைப்பும் இல்லை. கதவுக்கு வெளியே நிற்கும் ஒருவர் மரியாதையாகத் தட்டுவதுபோல, ஒரே அளவில், ஒரே இடைவெளியில், நிற்காமல், அது தட்டிக்கொண்டே இருந்தது.