மலையேறாத சாமி

கோயிலில் ஆடிக் கொடை முடிந்து மூன்று நாளாகியும் அப்பாவின் வலது கை ஆடிக்கொண்டிருந்ததை முதலில் பார்த்தவன் குற்றாலிங்கம்தான்.

அப்பா சுடலைக்கண்ணு முப்பது வருஷமாகச் சுடலைமாடனுக்குச் சாமியாடுகிறவர். உள்ளங்கையில் கற்பூரம் எரிய எரிய ஆடுவார். ஆட்டம் முடிந்து நெற்றியில் திருநீறு பூசியதும் சாமி மலையேறிவிடும், தண்ணீர் கேட்பார். இந்தத் தடவையும் தண்ணீர் கேட்டார், சோறும் தின்றார். கை மட்டும் அடங்கவில்லை.

"ஒங்கப்பன விட்டுப் போவ சாமிக்கு மனசு வரலலே," என்று கும்பிட்டார் பிச்சையாச் சித்தப்பா. கோயில் காரியத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். மறுநாளே தெருவே திரண்டு வந்து அந்த ஆடுகிற கையால் திருநீறு வாங்கிப் போனது. குற்றாலிங்கத்துக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்?

ஐப்பசி மழை தென்காசி ஓடுகளில் விடாமல் பெய்துகொண்டிருக்க, காயாத வேட்டியின் வாடையும் சிம்னி விளக்கின் மண்ணெண்ணெய்ப் புகையும் மண்டிய அறையில், அப்பாவின் வெள்ளிக் காப்பு கட்டில் சட்டத்தில் டக், டக்கென்று தட்டுவதைக் கேட்டபடியே அவன் விழித்துக் கிடந்தான். அவர் கண்ணயர்ந்ததும் சத்தம் நின்றுவிடும். விழித்தால் மறுபடி தொடங்கும். சாமிகூடத் தூங்குமா?

தை மாதத்துக்குள் அவருடைய நடை இரண்டங்குலமாகக் குறுகிவிட்டது. வாசல்படியைக் கண்டால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். முகத்தில் சிரிப்பு இல்லை, கோபம் இல்லை. கண் இமைப்பதே அபூர்வம். சாமி இமைக்காதல்லவா என்று ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மாசியில் கஞ்சி தொண்டையில் இறங்காமல் கடைவாயில் வழிந்தது. அதையும் ஒருத்தி முந்தானையில் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

குற்றாலத்தில் ஓய்வுக்கு வந்து தங்கியிருந்த ஒரு டாக்டரைக் கெஞ்சி வில்வண்டியில் அழைத்து வந்தான் குற்றாலிங்கம். அவர் அப்பாவின் முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"நடுக்குவாதம். மருந்து கிடையாது. இவ்வளவு வேகமா முத்தி நான் பார்த்ததில்லை. ஆனா புத்தி தெளிவா இருக்கு. அவருக்கு எல்லாம் தெரியும். வலியும் தெரியும்."

அன்று சாயங்காலம் கஞ்சி ஊட்டும்போது அப்பாவின் உதடு அசைந்தது. அவன் காதை ஒட்ட வைத்துக் கேட்டான்.

"சாமி இல்லலே... நான்தான்."

சித்தப்பாவிடம் ஓடிப் போய் டாக்டர் சொன்னதையும் அப்பா சொன்னதையும் சொன்னான். அவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தவில்லை.

"சாமி அப்படித்தாம்லே சோதிக்கும். சீக்குன்னு சொன்னா, ஊரு இத்தன மாசமா எதக் கும்பிட்டுது? ஒன் வாசல ஒருத்தன் மிதிப்பானா? மங்களேஸ்வரிய எவன் கெட்டுவான்?"

தங்கையின் பேரைக் கேட்டதும் அவன் திரும்பி நடந்தான். அடுத்த ஆடி வரைக்கும் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. பாவி.

கொடை வந்தது. உச்சி வெயிலில் அப்பாவை நாற்காலியோடு தூக்கிக் கோயில் முன்னால் வைத்தார்கள். மேளம் நெஞ்சுக்குள் அடித்தது. சந்தன வாடை, சாராய வாடை, வேர்வை. எங்கிருந்தோ வந்த சாரல் மேலே பட்டதும் காற்றோடு போயிற்று. சித்தப்பா ஒரு கைப்பிடிக் கற்பூரத்தோடு வந்தார்.

"சித்தப்பா, வேண்டாம்."

"ஆடுத கையில நிக்காது. மணிக்கட்டப் பிடிலே."

ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. மங்களேஸ்வரியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிடித்தான்.

எலும்பும் தோலுமான மணிக்கட்டு. தீ ஏறியது. கை அவன் பிடிக்குள் துடித்தது. காப்பு சுட்டது. அப்பாவின் முகத்தில் ஒரு சுளிப்பில்லை. குலவை எழுந்தது. கற்பூர மணத்துக்கு அடியில் வேறொரு வாடை. தீய்ந்த வாடை.

இமைக்காத கண்ணிலிருந்து நீர் இறங்கியது.

"சாமி மனசு குளுந்துட்டு!" என்று கூவினார் சித்தப்பா. ஊர் தரையில் விழுந்து கும்பிட்டது.

அப்பாவின் உதடு அசைந்தது. குற்றாலிங்கம் குனியவில்லை. என்ன சொல்கிறார் என்று அவனுக்குத் தெரியும். அந்தக் கண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. அவன் பிடியை விடவில்லை.

கற்பூரம் இன்னும் பாதிகூட எரியவில்லை.